சத்தம் போடாதது

ஆறு நாளாய் வண்டி கீச்சிட்டது.
ராயக்கோட்டை மேம்பாலத்தின் கீழே,
லண்டன்பேட்டை வளைவில்,
பள்ளிக்கூட வாசலில் எல்லோரும் திரும்பிப் பார்க்க.

எலி மாட்டியிருக்கு என்றாள் மகள்.
மழைத்தண்ணி பட்டிருக்கும் என்றார் வாட்ச்மேன்.
பேட் போயிடுச்சு, மூவாயிரம் எடுத்து வை
என்றார் எதிர்வீட்டு வேடியப்பன்.
முனிரத்தினம் மட்டும்
"பழைய வண்டி, அப்படித்தான்" என்று
ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார்.

சனிக்கிழமை அரை நாள்.
மாங்கூழ் கம்பெனி லேபில் கைகழுவி
வாசனை போகாத விரல்களோடு
சபியுல்லா கடைக்கு நானே ஓட்டிப் போனேன்.

"பிரேக் புடிச்சா வருதா, புடிச்சா நிக்குதாக்கா?"

தெரியவில்லை.
ஆறு நாள் கேட்டிருக்கிறேன்,
ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கினார்.
"அந்தக் காம்பவுண்டை ஒட்டியே போங்க.
செவுரு திருப்பிச் சொல்லும்."
சொன்னது.
மிதித்தாலும் விட்டாலும் ஒரே குரல்,
சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கீச்.
வேகம் குறையக் குறைய
விக்கல் அடங்குவதுபோல் இடைவெளி நீண்டது.

"பிரேக் மேல தப்பில்ல. எங்க இடிச்சீங்க?"
"எங்கேயும் இல்லையே."
அவர் பதில் சொல்லாமல் ஜாக்கியை உருட்டி வந்தார்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்: ஆடவில்லை.
கழற்றினார்.
பேட் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.
டிஸ்கின் பின்னால், தூசிக்குத் தடுப்பாய்
பப்படம்போல் மெல்லிய ஒரு தகடு.
அதன் ஒரு ஓரம் உள்ளே மடங்கி
டிஸ்கைத் தொட்டுத் தொட்டு
வளையல் கீறினதுபோல் பளபளவென்று ஒரு கோடு.
நீள ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினார்.
கையால் சுற்றினார். கீச் இல்லை.
அவ்வளவுதான். அரை நிமிஷம்.

நான் பணம் எடுக்கும்போது அவர் இன்னும் எழவில்லை.
டயரின் உள்பக்கத்தை
உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார்.
"இங்க கை வையுங்க."

வைத்தேன்.
கோழிமுட்டையில் பாதியளவு ஒரு புடைப்பு.

எனக்கு அது தெரியும்.
பதினோரு வருஷமாய் டப்பாக்களைத் தடவிப் பார்க்கிற கை.
மூடி உப்பிய டப்பா கத்தாது, ஒழுகாது,
மற்ற டப்பாக்களோடு அடுக்கில் சாதுவாய் நிற்கும்.

"கத்தினது ஒன்னும் பண்ணாதுக்கா.
ஆபத்து இதுதான். சத்தமே போடாது.
ஹைவேயில நூறுல போறப்ப..."
முடிக்கவில்லை. ரிம்மைத் திருப்பிக் காட்டினார்.
விளிம்பில் ஒரு நெளிவு,
நெளிவுக்குள் பொடிப்பொடியாய் மஞ்சள் பெயின்ட்.

போன ஞாயிறு தர்மபுரியில் செஸ் போட்டி.
வெள்ளி ராத்திரி ஷிப்ட், சனி ராத்திரி ஷிப்ட்,
விடிந்ததும் மகளைக் கூட்டிப்போனது அவர்தான்.
வந்ததும் நிலவழகி சொன்னாள்,
கோப்பை கிடைக்காத கோபத்தில், போகிறபோக்கில்:
"நான் பின்னாடி தூங்கிட்டேன்மா.
காவேரிப்பட்டணத்துல டங்குனு முழிச்சா
ஆத்துப் பாலம் தாண்டி நிக்கிறோம்.
அப்பா முகம் கழுவிட்டு
ரொம்ப நேரம் வண்டியில ஏறவே இல்ல."

தென்பெண்ணைப் பாலத்தின் ஓரக்கட்டை
மஞ்சளும் கறுப்புமாய் இருக்கும்.
அதற்கு அப்பால் என்ன இருக்கும் என்று
நான் நினைக்கவில்லை.
புது டயருக்கு நாலாயிரத்து இருநூறு கொடுத்தேன்.
பழையதை என்ன செய்ய என்றார்.
இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"சத்தம் நின்னுடுச்சா?" சாப்பிடும்போது கேட்டார்.
"நின்னுடுச்சு. டயர் ஒன்னு மாத்தியாச்சு."
ஏன் என்று கேட்கவில்லை.
தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஓசூரில் ஒரு வளைகாப்பு.
ஷிப்ட் முடிந்து வந்த கண் இன்னும் சிவந்திருந்தது.
ஆணியில் மாட்டியிருந்த சாவியை
அவர் கை எட்டுமுன் நான் எடுத்தேன்.
ஒரு கணம் பார்த்தார்.
பிறகு சுற்றிப்போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

டோல்கேட் தாண்டி
குருபரப்பள்ளி வருமுன்னே தூங்கிவிட்டார்,
பெல்ட்டில் கன்னம் அழுந்த, வாய் லேசாய்த் திறந்து.
லாரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வந்தது.
இறங்கும் சத்தம் கேட்காதபடி
இறக்கினேன்.